வெள்ளரிக் குதிரையும் விலாங்கு நாளும்

டோக்கியோ, யானாகா

வெள்ளரிக்காய்க்கு நான்கு குச்சிகளைக் காலாகச் செருகினால் குதிரை. கத்தரிக்காய்க்குச் செருகினால் பசு. ஜூலை 13ஆம் தேதி மாலை, யானாகாவில் ஒரு பழைய மரவீட்டு வாசலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தன. ஓபோன் தொடங்கும் நாள் அது; இறந்துபோன முன்னோர்கள் வீடு திரும்பும் நாள். வரும்போது சீக்கிரம் வந்து சேர வேண்டும், அதற்குக் குதிரை. போகும்போது படையலை முதுகில் ஏற்றிக்கொண்டு ஆற அமரப் போகட்டும், அதற்குப் பசு.

அந்த வீட்டு அம்மாளுக்கு எண்பதுக்கு மேல் வயதிருக்கும். மண் தட்டு ஒன்றில் உலர்ந்த சணல் குச்சிகளை ஒடித்துப் போட்டு நெருப்பு வைத்தார். புகையை அடையாளம் பார்த்துத்தான் வந்து சேர்வார்களாம். யாரை எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டோம். "என் வீட்டுக்காரரை. உயிரோடு இருந்தவரை எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. அதனால் இந்த வருஷம் வெள்ளரிக்காயை ஒல்லியாகப் பார்த்து வாங்கினேன்" என்றார்.

எனக்காகக் கேட்டுச் சொன்னவள் தோழியின் மகள். கியோட்டோவில் படிக்கிறாள். மொழிபெயர்ப்பு, வழிகாட்டல், தண்ணீர் குடிக்கச் சொல்லி மிரட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. மதுரை வெயிலில் வளர்ந்தவளுக்கு ஜப்பான் கோடை எம்மாத்திரம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததை முதல் நாளே நிறுத்திவிட்டாள். "அத்தை, அங்க வேர்வை காயும். இங்க காயவே காயாது. அவ்வளவுதான் வித்தியாசம்." மழைக்காலம் முடிந்ததும் பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று நகரத்தின் மேல் கவிழ்ந்துகொள்கிறது. சில்வண்டுகள் காது கிழியக் கத்துகின்றன. ஆணும் பெண்ணும் கையில் சின்னத் துண்டும் விசிறியுமாக நடக்கிறார்கள்.

நாட்டின் பெரும்பகுதியில் ஓபோன் ஆகஸ்ட் நடுவில்தான் வருகிறது. 1873இல் அரசாங்கம் மேல்நாட்டுக் காலண்டருக்கு மாறியபோது டோக்கியோக்காரர்கள் ஏழாம் மாதம் என்பதைப் புதுக் கணக்குப்படி ஜூலை என்றே வைத்துக்கொண்டார்கள். ஜூலையில் வயலைவிட்டு நகர முடியாத நாட்டுப்புறம் ஒரு மாதம் தள்ளிப்போட்டது. ஆக, இறந்தவர்கள் தலைநகருக்கு ஒரு மாதம் முன்னதாகவே வந்துவிடுகிறார்கள்.

அம்மாள் எங்களுக்குக் குளிர்ந்த பார்லித் தேநீர் கொடுத்தார். வறுத்த பார்லியைக் கொதிக்கவைத்து வடிகட்டிக் குளிரூட்டியது. சர்க்கரை கிடையாது. லேசாகத் தீய்ந்த தானிய மணம், நாக்கில் ஒட்டாத கசப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை எந்த வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தாலும் ஒரு ஜாடி இருக்கும். நான் ஜப்பானுக்குப் போனது அங்கே கோடையில் என்ன தின்கிறார்கள் என்று பார்க்க. ஆனால் தீனியைப் பற்றி யாரிடம் எப்படிக் கேட்டாலும் பேச்சு நோயிலோ சாவிலோ போய் நின்றது. யானாகா அதற்குப் பிள்ளையார் சுழி.

கியோட்டோ, நிஷிகி அங்காடி

முதலில் கேட்டது சத்தம். சர்க், சர்க், சர்க் என்று ஒரே சீராக, நெசவுத் தறிக்கு வயதாகிவிட்டது போல. ஒரு மீன் கடையில் ஐம்பது வயதுக்காரர் நீண்ட, கனத்த கத்தியால் பாம்பு போன்ற மீனைக் கொத்திக்கொண்டிருந்தார். ஹாமோ. கடல் விலாங்கு வகை. வாய் நிறையப் பல், உடம்பு நிறைய முள். அந்த முள்ளை எடுக்க முடியாது. அதனால் மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குள் இருபத்து நான்கு வெட்டு விழ வேண்டும் என்பது கணக்கு. முள் தூள்தூளாக வேண்டும், அடியில் இருக்கும் தோல் மட்டும் அறுபடக் கூடாது. எத்தனை வருஷத்தில் கை படிந்தது என்று கேட்டதற்கு அவர் நிமிராமலே, "இன்னும் படிந்துகொண்டிருக்கிறது" என்றார்.

வெட்டிய துண்டைக் கொதிநீரில் போட்டால் சட்டென்று விரிந்து வெள்ளைப் பூவாகிவிடுகிறது. ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்து, உமே என்ற புளிப்புப் பழத்தின் சிவந்த விழுதோடு கொடுக்கிறார்கள். ருசி? பஞ்சு மாதிரி மெத்தென்ற ஒன்று வாயில் இருந்தது, போய்விட்டது. அதற்கப்புறம்தான் புளிப்பு ஏறியது. "காரத்தைத் தேடாதீங்க அத்தை" என்றாள் தோழியின் மகள், என் முகத்தைப் பார்த்து. நான் தேடியது காரத்தையல்ல, மீனை.

ஆனால் இந்த மீன் கியோட்டோவுக்கு வந்த கதை ருசியைவிடப் பெரிது. ஓராயிரம் வருஷம் தலைநகராக இருந்த ஊர், சுற்றிலும் மலை. ஒசாகாக் கடற்கரையிலிருந்து கோடையில் மீன் சுமந்து வந்தால் வழியிலேயே கெட்டுப்போகும். ஹாமோ மட்டும் சாக மறுத்தது. தண்ணீர் இல்லாமலும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் உயிர்ப் பிடிவாதம் அதற்கு. முள்ளுக்குப் பயந்து மற்ற ஊர்க்காரர்கள் ஒதுக்கிய மீனை, உயிரோடு வந்து சேர்ந்த ஒரே காரணத்துக்காகக் கியோட்டோ தன் கோடை மீனாக்கிக்கொண்டது. மழைக்காலத் தண்ணீரைக் குடித்து அது ருசியேறுகிறது என்று இங்கே சொல்கிறார்கள். ஜூலை மாதம் முழுக்க நடக்கும் கியோன் திருவிழாவுக்கு ஹாமோத் திருவிழா என்று இன்னொரு பெயரே உண்டு.

அங்காடியை விட்டு வெளியே வந்து ஒரு சின்ன மிட்டாய்க் கடையில் உட்கார்ந்தோம். மினாசுகி என்ற இனிப்பு ஜூன் 30 அன்று சாப்பிட வேண்டியது. அந்தக் கடையில் இன்னும் வைத்திருந்தார்கள். அரிசிமாவை வேகவைத்த வெள்ளை முக்கோணம், மேலே இனிப்பூட்டிய சிவப்புப் பயறு. ஜூன் 30 ஆண்டின் சரிபாதி முடியும் நாள். அன்று கோயில் வாசல்களில் நாணலால் முறுக்கிய ஆளுயர வளையம் கட்டுவார்கள். அதற்குள் இடம், வலம், மறுபடி இடம் என்று நுழைந்து வந்தால் அரையாண்டுத் தீட்டு கழியும். இனிப்பு அதோடு சேர்ந்தது. சிவப்புப் பயறு தீயதை விரட்டும். முக்கோணம்? அது பனிக்கட்டிச் சில். மலைக்குழிகளில் சேமித்த பனிக்கட்டியை ஆறாம் மாதத் தொடக்கத்தில் அரசவையில் தின்றார்கள். ஊராருக்கு அது கண்ணில் காணக் கிடைக்காது. அவர்கள் அதன் வடிவத்தை மாவில் செய்து தின்றார்கள். எனக்கு ஹாமோவைவிட இது பிடித்தது. இன்னொன்று வாங்கினேன்.

கியோட்டோ, ஷிஜோ தெரு

16ஆம் தேதி இரவு. கியோன் திருவிழாவில் மறுநாள் ஊர்வலம் போகும் தேர்கள் தெருக்களில் நிற்கின்றன. ஒவ்வொன்றின் முகப்பிலும் காகித விளக்குகள் அடுக்கடுக்காக. மேலே உட்கார்ந்து வெண்கலத் தட்டும் குழலும் மத்தளமும் வாசிக்கிறார்கள். கொன்சிகிசின், கொன்சிகிசின் என்று தட்டு சொல்கிறது. பருத்தி யுகாத்தா அணிந்த கூட்டத்தில் நடக்கவே இடமில்லை, நகரத்தான் முடியும்.

ஒரு கடையில் தொட்டி நிறையப் பனிக்கட்டி, அதில் கோலி சோடா. அதே பாட்டில், கழுத்தில் அதே கோலி. கட்டைவிரலால் அழுத்தி உடைக்கும் அதே பொசுக். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கிய பாட்டில், உலகமெல்லாம் கைவிட்ட பிறகும் நம் ஊரிலும் ஜப்பானிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே அதன் பெயர் ராமுனே. நம்முடையதில் பன்னீர் மணம் இருக்கும், இதில் எலுமிச்சை.

பக்கத்துக் கடையில் முழு வெள்ளரிக்காயைக் குச்சியில் குத்தி, உப்பில் ஊறவைத்து, ஐஸில் படுக்கவைத்து விற்கிறார்கள். நான் ஒன்று வாங்கிக் கடித்தபடியே தேர் ஒன்றின் அருகே போனேன். அங்கே தேரைக் காக்கும் தெருக்காரர் ஒருவர், வயதானவர், என் கையைப் பார்த்துச் சிரித்தார். ஜூலை மாதம் முடியும்வரை தன் வீட்டில் வெள்ளரிக்காய் கிடையாது என்றார். குறுக்கே வெட்டினால் உள்ளே தெரியும் வடிவம் இந்தத் திருவிழாவுக்குரிய யாசகா கோயிலின் சின்னத்தைப் போலிருக்கும். சாமியின் சின்னத்தைத் தின்னலாமா? வெளியூர்க்காரர்கள் தின்னலாம், தப்பில்லை என்று தைரியமும் சொன்னார். டோக்கியோவில் முன்னோர்கள் ஏறிவந்த குதிரை இங்கே கையால் தொடாத பண்டம். நான் மீதியையும் தின்றுவிட்டேன்.

அவர்தான் திருவிழாவின் மூலத்தைச் சொன்னார். 869ஆம் ஆண்டு. ஊரில் கொள்ளைநோய். நாட்டிலிருந்த 66 மாநிலங்களுக்கு 66 ஈட்டிகளை நட்டு, நோயைத் தணிக்கும் சாமியை எழுந்தருளச் செய்து வழிபட்டார்கள். அந்த ஈட்டிதான் இன்று இருபத்தைந்து மீட்டர் உயரத் தேரின் உச்சியில் நிற்கிறது. சாமியின் பழைய பெயர் கோசு டென்னோ, மாட்டுத் தலை கொண்டவர். புத்தர் தங்கிப் போதித்த ஜேதவன விகாரையின் காவல் தெய்வம் என்று கருதப்பட்டவர். மெய்ஜி காலத்தில் பௌத்தத்தையும் ஷிண்டோவையும் அரசாங்கம் பிரித்தபோது கோயிலின் பெயரும் சாமியின் பெயரும் மாறின. நோய் தருபவரும் அவரே, எடுப்பவரும் அவரே.

அந்தச் சாமி ஒருமுறை வழிப்போக்கனாக வந்து இரவு தங்க இடம் கேட்டார். பணக்காரத் தம்பி கதவைச் சாத்தினான். ஏழை அண்ணன் சோமின் ஷோராய் உள்ளே அழைத்து, தினைச்சோறு போட்டான். திரும்பி வந்தபோது சாமி, நாணல் வளையம் அணிந்து சோமின் வம்சம் என்று சொல்லிக்கொள்பவரை நோய் தொடாது என்று வாக்குக் கொடுத்தார். இன்றும் தேரடியில் சிறுவர் சிறுமியர் பாட்டுப் பாடியபடி மூங்கிலிலைக் கட்டு ஒன்றை விற்கிறார்கள். பெயர் சிமாகி. அதே பெயரில் சாப்பிடும் பலகாரமும் உண்டு என்பதால் நான் பிரிக்கப் போனேன், இவள் தடுத்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. சோமினின் வழித்தோன்றல் இந்த வீட்டில் இருக்கிறார் என்று எழுதிய சீட்டோடு நிலைப்படிக்கு மேல் ஓராண்டு தொங்க வேண்டிய காப்பு அது.

ஜூலை 17 பெரும்பாலான ஆண்டுகளில் நமக்கு ஆடி முதல் தேதி. வாசலில் வேப்பிலை செருகி, அம்மை தருபவளும் எடுப்பவளுமான மாரியம்மனுக்குக் கேழ்வரகிலும் கம்பிலும் கூழ் காய்ச்சி ஊருக்கே ஊற்றுகிற மாதம். அவர்களுக்குத் தினை, நமக்குக் கேழ்வரகு. இரண்டும் ஏழை வீட்டுத் தானியம். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்றெல்லாம் நான் சொல்லவில்லை. வெக்கையில் தொற்று பரவும் ஊர்கள் எல்லாம் ஏறத்தாழ இதையேதான் யோசித்திருக்கும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஊர்வலம். மொத்தம் 34 தேர்கள்; 17ஆம் தேதி 23, மீதி 24ஆம் தேதி. ஆணி இல்லாமல் கயிற்றாலேயே கட்டியவை. பெரியவை பன்னிரண்டு டன் வரை எடை. முதல் தேரில் முகத்துக்கு வெள்ளை பூசிய சிறுவன் வாளை ஓங்கித் தெருவின் குறுக்கே கட்டிய புனிதக் கயிற்றை வெட்டுகிறான். சக்கரம் திரும்பாது. முச்சந்தி வந்தால் பிளந்த மூங்கிலை அடியில் பரப்பி, தண்ணீரைக் கொட்டி, கத்திக்கொண்டு பக்கவாட்டில் இழுக்கிறார்கள். தேர் கிறீச்சிட்டு ஒரு சாண் நகர்கிறது. கூட்டம் மூச்சு விடுகிறது. மறுபடி தண்ணீர். தேர்களின் பக்கங்களில் தொங்குவதைப் பார்த்தால் உலகச் சந்தை: பெல்ஜியத்தில் 16ஆம் நூற்றாண்டில் நெய்த திரைச்சீலைகள், பாரசீகக் கம்பளங்கள், டச்சுக் கப்பலில் வந்த இந்தியக் கம்பளங்கள். கியோட்டோ வணிகர்கள் நோய்ச்சாமிக்குப் பணத்தைப் பார்த்ததில்லை.

2020, 2021 இரண்டு வருஷமும் இந்தத் தேர்கள் ஓடவில்லை. கொள்ளைநோயை விரட்டப் பிறந்த திருவிழாவைக் கொள்ளைநோய் நிறுத்தியது. சிமாகியை மட்டும் மக்கள் விடவில்லை என்றார் தேர்க்காரர்.

நாரா

நாராவில் மான்களைப் பார்க்க எல்லோரும் போகிறார்கள். அதே சாலையில் பனிக்கட்டிக்கென்று ஒரு கோயில் இருக்கிறது, ஹிமுரோ. குளிர்காலத்தில் குளத்தில் உறைந்த கட்டியை வெட்டி, மலைச்சரிவில் ஆழக் குழி தோண்டி, வைக்கோலும் நாணலும் மூடி, கோடைவரை காத்து அரசவைக்கு அனுப்பும் முறை இந்தப் பகுதியில் மிகப் பழையது; 720இல் தொகுத்த நிஹோன் ஷோக்கியிலேயே அதற்கு ஒரு கதை இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் அரண்மனைப் பணிப்பெண் செய் ஷோனாகொன் தன் நூலில், நேர்த்தியான பொருள்களின் பட்டியலில், புது உலோகக் கிண்ணத்தில் இனிப்புச் சாறு ஊற்றிய சீவிய பனிக்கட்டியைச் சேர்த்திருக்கிறார். அப்போது அது அரண்மனைக்குள் மட்டும். இப்போது மூலைக்கு மூலை கடை.

கோயிலில் வெற்றுத்தாள் ஒன்றை வாங்கி, அங்கே வைத்திருக்கும் பனிக்கட்டிப் பாளத்தின் மேல் ஒட்டினால் எழுத்து தெரிகிறது. எனக்கு வந்தது சுமாரான பலன். உணவில் கட்டுப்பாடு வேண்டுமாம். நேராகக் கடைக்குப் போய், உச்சந்தலை வரை குவித்த ஐஸ் சீவலுக்குப் பச்சைத் தேயிலைப் பாகு ஊற்றச் சொன்னேன்.

மீவா

நாராவிலிருந்து தெற்கே, வயல்களுக்கு நடுவே ஓடும் சின்ன ரயில். மீவா மலையே இங்கே சாமி. அதனால் ஓமீவா கோயிலில் கருவறை கிடையாது, கும்பிடு மலையைப் பார்த்துத்தான். ஒரு பழைய தேவதாரு மரத்தடியில் பாம்பு குடியிருப்பதாக நம்பிக்கை. அதற்கு முட்டையும் மதுவும் வைத்திருந்தார்கள். நான் ஊரிலிருந்து ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

மீவா சோமெனுக்குப் பேர்போனது. கோதுமை மாவை உப்புநீரில் பிசைந்து, எண்ணெய் தடவி, இழுத்து, ஆறவிட்டு, மறுபடி இழுத்து, நூலைவிட மெல்லியதாக்கிக் கம்புகளில் தொங்கவிட்டுக் காயவைக்கும் இழை. கோடைக்கென்றே ஆன சாப்பாடு இது. ஆனால் நாங்கள் போன வீட்டில் முற்றம் வெறிச்சென்று கிடந்தது. "கோடையில் வந்து செய்வதைப் பார்க்கணும் என்றால் எப்படி?" என்று அந்த வீட்டுப் பெண் சிரித்தார். செய்வதெல்லாம் குளிர்காலத்தில். விறைக்கும் காற்றும் காய்ந்த வெயிலும் சேர்ந்தால்தான் இழை அறாமல் நீளும். விடிவதற்கு முன்னால் எழுந்து, விரல் மரத்துப்போக வேலை. பிறகு பெட்டியில் போட்டு மழைக்காலம் கடக்கவிடுகிறார்கள். ஒரு வருஷம் பழகியதுக்கு மதிப்பு அதிகம். எண்ணெய் வாடை போய், வெந்தாலும் குழையாத விறைப்பு வந்துவிடும். கோடையில் அவர்கள் விற்பதும் தின்பதும் போன குளிர்காலத்தின் உழைப்பு.

இரண்டு நிமிஷம்கூட வேகவில்லை. குழாய்த் தண்ணீரில் துணி துவைப்பதுபோல அலசி, கண்ணாடிக் கிண்ணத்தில் ஐஸோடு போட்டுக் கொண்டுவந்தார். தனிக் கோப்பையில் குளிர்ந்த கருவாட்டுச் சாறும் சோயாவும் கலந்த குழம்பு, துருவிய இஞ்சி, வெங்காயத்தாள். இழையைத் தூக்கி, தோய்த்து, உறிஞ்ச வேண்டும். சத்தம் வராமல் உறிஞ்சினால் ருசி தெரியாது என்றார்கள். நான் முயற்சி செய்தேன், புரை ஏறியது. ஆனால் தொண்டையில் குளிர்ந்து இறங்கும் அந்த வழுவழுப்பு இருக்கிறதே, ஜப்பானில் நான் தின்றதில் இதற்குத்தான் முதல் இடம். இவ்வளவு நாளும் ஒரு வாய் சோறு கசந்துகொண்டிருந்த வெக்கையில் கிண்ணம் காலியானது தெரியவில்லை. ஜூலை 7, தனபாத்தாத் திருநாள் அன்று சோமென் சாப்பிடுவது வழக்கம். அதன் மூலமான பழைய மாவுப் பலகாரத்தை அன்று தின்றால் காய்ச்சல் வராது என்று அரண்மனையில் நம்பினார்களாம். இங்கேயும் நோய்தான்.

மினாபே

வாக்கயாமா கடலோரமாகத் தெற்கே போகும் ரயில். வழியில் அரிதா வருகிறது. கொசுவத்திச் சுருள் பிறந்த ஊர் இதுதான். உவேயாமா எயிச்சிரோ என்ற ஆரஞ்சுத் தோட்டக்காரர் 1890இல் பூச்சிக்கொல்லிச் செவ்வந்திப் பொடியை ஊதுவத்தியாகத் திரித்தார். முக்கால் மணி நேரத்தில் எரிந்து தீர்ந்தது. நீளமாக்கினால் ஒடிந்தது. 1895இல் அவர் மனைவி யூகி, சுருட்டிவிடுங்களேன் என்று யோசனை சொன்னார். அதைச் செய்து முடித்துக் கடைக்குக் கொண்டுவர 1902 ஆயிற்று. நம் வீடுகளில் சாயங்காலத்தில் கமழும் வாசனைக்கு அந்த அம்மாள் காரணம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அன்றிரவு மினாபேயில் தங்கிய வீட்டில் பன்றி வடிவ மண் கூண்டுக்குள் ஒரு சுருள் புகைந்துகொண்டிருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

மினாபே மலைச்சரிவெல்லாம் உமே மரங்கள். ஜூனில் பழுத்துத் தானாக உதிரும் பழத்தை மரத்தடியில் விரித்த வலையிலிருந்து பொறுக்கி, எடையில் ஐந்தில் ஒரு பங்கு உப்புப் போட்டு ஊறவைக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து, மழை ஓய்ந்து வெயில் உச்சத்தில் நிற்கும் இந்த நாள்களில் எடுத்துத் தட்டுகளில் பரப்புகிறார்கள். மூன்று நான்கு நாள் காய்ந்தால் அது உமேபோஷி. விவசாயி, அவர் மனைவி, வேலைக்கு வந்த இரண்டு மூதாட்டிகள், எல்லோரும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பழமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தோல் கிழியக் கூடாது. பிளாஸ்டிக் கூரைக்குள் நிற்க முடியவில்லை; உப்பும் புளிப்பும் கலந்த ஆவி கண்ணைக் கரித்தது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எலுமிச்சை காயும்.

மூதாட்டிகளில் ஒருவர் சுருங்கிய பழம் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். எனக்கு உப்பும் புளிப்பும் புதிதல்ல, வாய் பழகியதுதான். அப்படியே போட்டுக் கொட்டையை மட்டும் துப்பினேன். அவர்கள் கை தட்டினார்கள். வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பதைப் பார்க்கத்தான் கொடுப்பார்களாம். இப்போது கடைகளில் அதிகம் போவது உப்பைக் கழுவித் தேன் சேர்த்த ரகம். அது குளிர்பெட்டியில்தான் இருக்க வேண்டும். பாட்டி கொடுத்தது வருஷக்கணக்கில் வெளியிலேயே கிடக்கும். ஒன்றைச் சோற்றுருண்டைக்குள் வைத்தால் கோடையில் சோறு சீக்கிரம் ஊசாது என்பது வீட்டு வைத்தியம்போல் எல்லோரும் சொல்வது. காய்ச்சலுக்குக் கஞ்சியோடு இதுதான். சோற்றுருண்டைக்குள் உமேபோஷி வைப்பதை ஊக்குவிக்க 2014இல் மினாபே நகரமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. மீறினால் தண்டனை இல்லை.

மலை உச்சியை வெட்டாமல் விட்டுவைத்திருக்கிறார்கள். அங்கிருக்கும் கருவாலி மரங்களிலிருந்து உலோகம்போல் கணீரென்று ஒலிக்கும் பின்சோதான் கரி சுடுகிறார்கள். அந்தக் காட்டுத் தேனீக்கள்தாம் பிப்ரவரியில் உமேப் பூவுக்கு மகரந்தம் சுமக்கின்றன. இந்தக் கூட்டுவாழ்வை 2015இல் உலக உணவு வேளாண் அமைப்பு வேளாண் மரபுச் சொத்தாக அங்கீகரித்தது. கரி எங்கே போகிறது என்று கேட்டேன். விலாங்குக் கடைக்கு என்றார் விவசாயி. விலாங்கையும் உமேபோஷியையும் சேர்த்துத் தின்னக் கூடாது என்ற பழைய எச்சரிக்கையையும் கூடவே சொல்லி அனுப்பினார்.

ஹமாமட்சு

கடை தெரியவில்லை, புகைதான் தெரிந்தது. வரிசை தெரு முனையைத் தாண்டி நின்றது. நாளை நட்சத்திரப்படி எண்ணுவதுபோல ஜப்பானில் பன்னிரண்டு விலங்குகளை வைத்து எண்ணும் பழைய கணக்கு உண்டு. இலையுதிர் பருவம் பிறப்பதற்கு முந்தைய பதினெட்டு நாளுக்குள் எருது நாள் ஒன்றோ இரண்டோ வரும். அன்று நாடே விலாங்கு தின்கிறது.

பெண்கள் விசிற, ஆண்கள் திருப்ப, கரியின் மேல் சொட்டும் கொழுப்பு சீறுகிறது. கிழக்கே டோக்கியோ பக்கம் முதுகைக் கீறி, ஆவியில் வேகவைத்துப் பிறகு சுடுவார்கள். மேற்கே வயிற்றைக் கீறி நேராகக் கரியில் வாட்டுவார்கள். சாமுராய்கள் நிறைந்த ஊரில் வயிற்றைக் கிழிப்பது ஆகாது என்பதால் முதுகு என்று ஒரு கதை. ஹமாமட்சு நடுவில் இருப்பதால் இரண்டும் கிடைக்கிறது. நான் மேற்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். மேல் மொறுமொறு, உள்ளே கொழகொழ, தித்திப்பும் உப்புமான சாறு சோற்றில் ஊறி, மேலே தூவிய சான்ஷோப் பொடியில் நாக்கு லேசாக மரத்தது. பொய் சொல்வானேன், பிரமாதம்.

கோடையில் இளைத்தவன் விலாங்கு தின்னட்டும் என்ற யோசனை எட்டாம் நூற்றாண்டின் மன்யோஷூ பாடல் தொகுப்பிலேயே இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட நாள் வைத்தது அப்புறம்தான். 18ஆம் நூற்றாண்டில் ஹிராகா கென்னாய் என்பவர் இருந்தார். மூலிகை ஆராய்ச்சி, நாடகம், மின்பொறி தெறிக்கும் பெட்டி என்று தொடாத துறை இல்லை. கோடையில் வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்பிய விலாங்குக் கடைக்காரரிடம், இன்று எருது நாள் என்று எழுதி வாசலில் தொங்கவிடச் சொன்னாராம். கூட்டம் நெரிந்ததாம். கதையோ உண்மையோ, நோய்க்கும் சாவுக்கும் பயந்து வந்த வழக்கங்களுக்கு நடுவில் ஒரு விளம்பரப் பலகையிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் வழக்கம் இது ஒன்றுதான். அதுவே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. கோடையில் வியாபாரம் ஏன் படுத்தது என்று எங்களுக்குப் பரிமாறிய முதியவரிடம் கேட்டேன். ஆற்று விலாங்குக்குக் கொழுப்பேறுவது இலையுதிர் காலம் தொடங்கிக் குளிர்காலம் வரையில் என்றார். கோடையில் அது இளைத்த மீன்.

இந்த மீன் மரியானாத் தீவுகளுக்கு மேற்கே, ஆழ்கடலில் முட்டையிடுகிறது. அந்த முட்டையை மனிதர் முதன்முதலில் கண்டெடுத்ததே 2009இல்தான். குஞ்சுகள் கண்ணாடி ஊசிகள்போல நீரோட்டத்தில் மிதந்து குளிர்கால இரவுகளில் ஆற்று முகத்துவாரங்களுக்கு வரும்போது பிடித்துப் பண்ணைக் குளங்களில் வளர்க்கிறார்கள். ஹமானா ஏரிக்கரையில் இந்தத் தொழில் நூறு ஆண்டைக் கடந்தது. முட்டையிலிருந்து முட்டைவரை ஆய்வகத்திலேயே வளர்த்து 2010இல் வென்றுகாட்டினார்கள் என்றாலும் கடையில் சுடும் பண்ணை விலாங்கு, ஏறக்குறைய எல்லாமே, கடலிலிருந்து குஞ்சாகப் பிடித்ததுதான். அந்தக் குஞ்சு முன்புபோல் கிடைப்பதில்லை. 2014இல் ஜப்பானிய விலாங்கை அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் சேர்த்தது.

ஜூலையில் ஜப்பான் போகாதீர்கள் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம், தாராளமாகப் போங்கள். மீவா சோமெனும் மினாபேப் பாட்டியின் பழமும் கியோட்டோவின் அரிசிமாவுப் பனிக்கட்டியும் அந்த வெக்கையில்தான் ருசிக்கும். விலாங்கை மட்டும் எருது நாளில் கேட்காதீர்கள். அன்றைக்குப் பெயர் 'உ'வில் தொடங்கும் எதையும் தின்னலாம் என்பதால், அதற்குப் பதிலாக உதோன் என்ற கோதுமை இழையைத் தின்றாலும் உமேபோஷி தின்றாலும் வழக்கம் ஒத்துக்கொள்கிறது.